அக்டோபர் மாதத்து பேஸ்பால்: பந்துக்கு நீண்ட இரண்டு கைகள்

கேள்வி: கனடாவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டைப் பார்த்ததில்லை. 2025 அக்டோபரில் டொராண்டோ புளூ ஜேய்ஸ் அணி ஆடியபோது என் அலுவலகத்தில் எல்லோரும் தூக்கமில்லாமல், பித்துப் பிடித்தவர்கள் போல இருந்தார்கள். பிளேஆஃப் வந்தால் மட்டும் ஏன் இப்படி ஆகிறார்கள்? சிகாகோவில் ஒரு ரசிகர் பந்தைத் தொட்டதற்காக ஊரே அவரை வெறுத்தது என்று சொன்னார்கள். உண்மையா? அடுத்த பருவத்தில் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போகலாமா?

சிகாகோவில் நடந்தது உண்மை. ஆனால் அதை மட்டும் தனியே எடுத்துச் சொன்னால் பாதிக் கதைதான் வரும். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு நியூயார்க்கில் இன்னொரு கை இதேபோல் பந்துக்கு நீண்டது. அந்தக் கையை ஊரே கொண்டாடியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் அலுவலக நண்பர்களையும் புரிந்துகொள்ளலாம். அதற்கு முன், நான் எப்படி இதற்குள் வந்து விழுந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் போலவே நானும் கிரிக்கெட்டோடு வந்தவன்.

1993 அக்டோபர் 23, சனிக்கிழமை இரவு. டொராண்டோ நகர மையத்தில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தொட்டிக்கு மேலே இருந்த தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு வானொலிப் பெட்டி. வேர்ல்ட் சீரிஸ் என்னும் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. கடைசி இன்னிங்ஸில் புளூ ஜேய்ஸ் 5-6 என்று பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் பேஸில், அதாவது ஓட்டம் எடுக்க ஓடிச் சேரும் முனைகளில், நிற்க, ஜோ கார்ட்டர் அடிக்க வந்தார். தலைமைச் சமையல்காரர் எரிந்துகொண்டிருந்த அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தார். யாரும் பேசவில்லை. எனக்கு ஆட்டத்தின் விதிகளே சரியாகத் தெரியாது. ஆனால் அந்த அமைதி தெரிந்தது. பிறகு வானொலியில் ஒரு கூச்சல். கார்ட்டர் அடித்த பந்து இடப்பக்கச் சுவரைத் தாண்டிவிட்டது. 8-6. சோப்பு நுரையோடு கையிலிருந்த தட்டு வழுக்கி விழுந்து உடைந்தது. அதை யாரும் கவனிக்கக்கூட இல்லை. அதுவரை என்னிடம் நாலு வார்த்தை பேசியிராத மனிதர் என்னை இடுப்போடு சேர்த்துத் தூக்கினார். வேலை முடிந்து வெளியே வந்தால் யங் வீதி முழுக்க மனிதத் தலைகள். வந்து பத்து மாதமான ஊரில் முதன்முறையாக நான் தெரியாதவர்களால் கட்டியணைக்கப்பட்டேன். அன்றிலிருந்து எனக்கு இது வெறும் விளையாட்டாக இல்லை.

இனி, ஏன் அக்டோபரில் மட்டும் இப்படி என்பது. ஒரு பேஸ்பால் அணி சாதாரணப் பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. மார்ச் இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் இறுதிவரை ஏறக்குறைய தினமும் ஆட்டம். மிகச் சிறந்த அணிகூட நாற்பது ஆட்டங்களுக்கு மேல் தோற்கும். ஆகவே தோல்வியைத் தோளில் தட்டிவிட்டுப் போகும் பழக்கம் ரசிகருக்குத் தானாக வந்துவிடுகிறது. நேற்று தோற்றால் என்ன, இன்று மாலை இன்னொன்று இருக்கிறது. துணி மடிக்கும்போதும் கார் ஓட்டும்போதும் அது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். ஆறு மாதம் இப்படி இளகிக் கிடந்த கயிறு அக்டோபரில் திடீரென்று இழுத்துக் கட்டப்படுகிறது. முப்பது அணிகளில் பன்னிரண்டு மட்டும் எஞ்சுகின்றன. இதுதான் பிளேஆஃப். முதல் சுற்றில் மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்ல வேண்டும். அடுத்ததில் ஐந்தில் மூன்று; அதற்குப் பின் இரண்டு சுற்றுகளில் ஏழில் நான்கு. ஜூன் மாதத்தில் யாரும் நினைவில் வைத்திருக்காத ஒரு தவறு, அக்டோபரில் நாற்பது ஆண்டுகளுக்குப் பேசப்படும். தோல்வியை உதறிப் பழகிய மனம் அதற்குத் தயாராக இருப்பதில்லை.

ஆட்டத்தின் அமைப்பும் ஒரு காரணம். கால்பந்தில் முன்னிலையில் இருக்கும் அணி நேரத்தைக் கடத்தலாம். ஒருநாள் கிரிக்கெட்டில் ஓவர்கள் தீர்ந்துவிடும். பேஸ்பாலில் ஆட்டத்தை முடிக்கக் கடிகாரம் கிடையாது. எதிரணியை 27 முறை அவுட் ஆக்கியாக வேண்டும். பத்து ஓட்டங்கள் முன்னால் இருந்தாலும் கடைசி ஆளுக்கும் பந்தை எறிந்துதான் தீர வேண்டும். அதனால் எவ்வளவு பெரிய முன்னிலையும் நிம்மதி தராது. எவ்வளவு மோசமான நிலையும் நம்பிக்கையை முழுதாகப் பறிக்காது. 2023 முதல், பந்தை எறியும் பிட்சருக்கு நேரக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பேஸில் யாரும் இல்லையென்றால் 15 விநாடி, ஆள் இருந்தால் இப்போது 18 விநாடி. அந்த விநாடிகளில்தான் பிளேஆஃப் வாழ்கிறது. எதிரணி ஆட்டக்காரருக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆனதும் (மூன்றானால் அவுட்) மைதானமே எழுந்து நிற்கும். பிட்சர் பந்தை விரல்களில் சுழற்றுகிறார், கேட்சரின் சைகையைப் பார்க்கிறார். நாற்பதாயிரம் பேர் அங்கே நிற்கிறார்கள். அவர்களில் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கையாலாகாத நிலைதான் நீங்கள் பார்த்த பித்துக்கு வேர் என்று நான் நினைக்கிறேன்.

ஒன்றும் செய்ய முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? எதையாவது செய்வார்கள். தொப்பியை உள்வெளியாகத் திருப்பிப் போடுவார்கள். 1986-இல் நியூயார்க் மெட்ஸ் அணியால் ஊரெல்லாம் பரவிய வழக்கம் அது. வென்ற நாளில் அணிந்த சட்டையைத் துவைக்காமல் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் மாமியாருக்குச் சோபாவின் இடது ஓரம். 2025-இல் சியாட்டில் அணிக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், அவர் தேநீர் வைக்க எழுந்துபோய்த் திரும்பி வந்து அந்த ஓரத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பி, மூன்று ஓட்டங்களுக்கான ஹோம் ரன்னை அடித்தார். 32 ஆண்டுகளுக்குப் பிறகு இறுதித் தொடருக்கு வழி திறந்தது. அதன் பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஏழாவது இன்னிங்ஸில் எழுந்துபோய்த் தேநீர் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று அவருக்கும் தெரியும். 1948-இல் பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பசித்த புறாக்களுக்குக் குறித்த இடைவெளிகளில் தானாகத் தீனி விழும்படி வைத்தார். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் தீனி விழும். ஆனாலும் புறாக்கள், தீனி விழுந்தபோது தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கின. ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொன்று தலையைக் கூண்டின் மூலைக்கு ஆட்டியது. அக்டோபரில் நாம் எல்லோரும் அந்தக் கூண்டில்தான் இருக்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை; அக்கறை அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

உடம்பும் இதில் பங்கு கொள்கிறது. 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது ஜெர்மனியின் பவேரியா பகுதியில் மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் இதயம் சார்ந்த அவசர நிலைகள் மற்ற நாட்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேலாக இருந்தன. ஆகவே இதய நோயுள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், ஏழாவது ஆட்டத்தன்று மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை.

இப்போது அந்த இரண்டு கைகளுக்கு வருகிறேன்.

கிரிக்கெட்டில் பார்வையாளர் பிடித்த பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பேஸ்பாலில் இருக்கைகளுக்குள் வந்து விழுந்த பந்து பிடித்தவருக்கே சொந்தம். அதற்காகவே பெரியவர்களும் குழந்தைகளும் கையுறை கொண்டு வருவார்கள். ஆனால் எல்லைக்கு வெளியே போகும் ஃபவுல் பந்தையும் ஆட்டக்காரர் தரையில் படும் முன் பிடித்தால் அது அவுட். எனவே சுவரோரத்தில் ஆட்டக்காரரின் கையும் ரசிகரின் கையும் ஒரே பந்துக்குப் போட்டியிடும் நிலை வரும். விதி தெளிவானது. ரசிகர் சுவரைத் தாண்டி மைதானத்துக்குள் கை நீட்டிப் பந்தைத் தடுத்தால் அது குறுக்கீடு. பந்து இருக்கைகளின் பக்கம் வந்துவிட்டால், ஆட்டக்காரர்தான் தன் பொறுப்பில் கை நீட்டுகிறார்; ரசிகர் மீது குற்றமில்லை.

1996 அக்டோபர் 9. நியூயார்க்கின் பழைய யாங்கி மைதானம். லீக் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் பால்டிமோர் ஓரியோல்ஸ் 4-3 என்று முன்னிலையில் இருந்தது. அந்த ஆண்டுதான் முழுப் பருவம் ஆடத் தொடங்கியிருந்த யாங்கீஸ் வீரர் டெரெக் ஜீட்டர் வலப்பக்கம் உயரமாக ஒரு பந்தை அடித்தார். ஓரியோல்ஸ் வீரர் டோனி டராஸ்கோ சுவரில் முதுகைச் சாய்த்துக் கையுறையை உயர்த்திக் காத்திருந்தார். மேலேயிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் கையுறை சுவரைத் தாண்டிக் கீழே வந்தது. பந்து அதில் பட்டு இருக்கைகளுக்குள் போனது. டராஸ்கோ மேலே சுட்டிக்காட்டிக் கத்தினார். நடுவர் ரிச் கார்சியா ஹோம் ரன் என்று அறிவித்தார். அந்தக் காலத்தில் வீடியோவைப் பார்த்து முடிவை மாற்றும் வழி கிடையாது. ஆட்டம் சமநிலைக்கு வந்தது; 11-ஆவது இன்னிங்ஸில் பெர்னி வில்லியம்ஸ் அடித்து யாங்கீஸை வெல்ல வைத்தார். பதிவைப் பார்த்த கார்சியா, சிறுவன் சுவரைத் தாண்டிக் கை நீட்டியதை ஒப்புக்கொண்டார். ஓரியோல்ஸின் முறையீடு எடுபடவில்லை. யாங்கீஸ் அந்த ஆண்டு 1978-க்குப் பிறகு முதன்முறையாகப் பட்டம் வென்றது. சிறுவன் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு அழைக்கப்பட்டான். நகரமே அவனைச் செல்லமாகத் தூக்கிவைத்துக்கொண்டது. விதியை மீறிய கை அது.

2003 அக்டோபர் 14. சிகாகோவின் ரிக்லி மைதானம். கப்ஸ் அணி 1908-க்குப் பிறகு பட்டம் வென்றதில்லை. 1945-க்குப் பிறகு இறுதித் தொடருக்குக்கூடப் போனதில்லை. புளோரிடா மார்லின்ஸுக்கு எதிரான சுற்றில் 3-2 என்று முன்னிலை. ஆறாவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸ் வரை 3-0. இன்னும் ஐந்து அவுட் எடுத்தால் போதும். மார்லின்ஸ் வீரர் லூயிஸ் காஸ்டில்லோ அடித்த ஃபவுல் பந்து இடப்பக்கச் சுவரோரம் இறங்கியது. கப்ஸ் வீரர் மொய்சஸ் அலூ ஓடிவந்து, எகிறி, சுவருக்கு மேலே கையுறையை நீட்டினார். அங்கே உட்கார்ந்திருந்த பலர் பந்துக்குக் கை நீட்டினார்கள். ஒருவருடைய கையில் அது பட்டுத் தெறித்தது. கப்ஸ் தொப்பி அணிந்து, காதில் ஹெட்போன் மாட்டி, வானொலி வர்ணனையைக் கேட்டுக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்த இளைஞர் அவர். கண் முழுக்க மேலே பந்தின் மீது இருந்தது. அலூ வருவதை அவர் பார்க்கவில்லை. அலூ ஆத்திரத்தில் கையுறையைத் தரையில் அறைந்தார். நடுவர் பார்த்துவிட்டு, பந்து இருக்கைகளின் பக்கம் வந்துவிட்டது, குறுக்கீடு இல்லை என்றார். விதியை மீறாத கை அது.

அதற்குப் பின் நடந்ததைக் கவனியுங்கள். அடிக்க வாகில்லாத நான்கு பந்துகள் வந்ததால் காஸ்டில்லோ முதல் பேஸுக்கு நடந்தார். இவான் ரோட்ரிகெஸ் அடித்து ஓர் ஓட்டம் வந்தது. மிகெல் காப்ரேரா தரையோடு அடித்த பந்து நேராக, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் கப்ஸின் ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் கொன்சாலெஸிடம் போனது. நல்ல கைக்காரர் என்று பெயர் எடுத்தவர். இரண்டு அவுட்டுகளுக்கே வாய்ப்பிருந்த பந்து அது. அவர் தவறவிட்டார். டெரெக் லீ அடித்து ஆட்டத்தைச் சமப்படுத்தினார். அந்த இன்னிங்ஸில் மொத்தம் எட்டு ஓட்டங்கள். 8-3 என்று கப்ஸ் தோற்றது. அந்த எட்டு ஓட்டங்களில் ஒன்றையும் அந்த இளைஞர் அடிக்கவில்லை, ஒரு பந்தையும் அவர் எறியவில்லை. மறுநாள் ஏழாவது ஆட்டம் அதே மைதானத்தில் நடந்தது. அதிலும் கப்ஸ் ஒரு கட்டத்தில் 5-3 என முன்னால் இருந்தது. முடிவில் 9-6 என்று தோற்றது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

ரிக்லியில் அப்போது பெரிய வீடியோ திரை கிடையாது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு என்ன நடந்தது என்றே முதலில் தெரியவில்லை. வீட்டில் தொலைக்காட்சி பார்த்தவர்கள் கைப்பேசியில் சொன்னார்கள். மைதானத்துக்கு வெளியே வீதியில் நின்ற கூட்டத்திலிருந்தும் கூச்சல் எழுந்தது. தொலைக்காட்சியில் அந்தக் காட்சி திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. மெல்ல மெல்ல நாற்பதாயிரம் முகங்கள் ஒரே இருக்கையை நோக்கித் திரும்பின. பியர் வீசினார்கள், வசை பாடினார்கள். காவலர்கள் அவரைத் தலையை மூடி வெளியே கொண்டுபோனார்கள். அவர் அமைதியாக, எங்கேயும் பார்க்காமல் உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடப் பதிவை இன்றும் என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. மறுநாளே அவர் பெயரும் வேலை செய்த இடமும் பத்திரிகைகளில் வந்தன. வீட்டுக்குப் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. அவர் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு பேட்டி கொடுக்கவில்லை, விளம்பரத்தில் நடிக்கவில்லை, வந்த பணத்தையெல்லாம் மறுத்தார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் விரும்பியதெல்லாம் தனியே விடப்பட வேண்டும் என்பதுதான்.

ஏன் அலெக்ஸ் கொன்சாலெஸ் இல்லை, ஏன் இவர்? 1976-இல் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஏழு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வார இறுதியில் தங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி வென்றிருந்தால், திங்கட்கிழமை கூடுதலான மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயருள்ள சட்டையோடு வந்தார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், வென்ற ஆட்டத்துக்கு 'நாங்கள் வென்றோம்' என்றும், தோற்றதற்கு 'அவர்கள் தோற்றார்கள்' என்றும் சொல்லும் போக்கு தெரிந்தது. சாதாரணத் தோல்வியிலிருந்து ரசிகர் இப்படி ஒரு சொல்லை மாற்றித் தப்பித்துவிடலாம். சிகாகோவில் அது முடியவில்லை. தொண்ணூற்றைந்து ஆண்டு காத்திருப்பை 'அவர்கள்' மேல் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. அந்தத் துயரத்துக்கு ஓர் உருவம் தேவைப்பட்டது. ஆட்டக்காரர் ஒருவரை வெறுத்தால் அடுத்த ஆண்டு அவருக்கே கைதட்ட வேண்டியிருக்கும். பக்கத்து இருக்கைக்காரரை வெறுப்பது எளிது. அவரிடத்தில் இருந்திருந்தால் தானும் கை நீட்டியிருப்போம் என்பது அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு ஆத்திரம் என்பது என் எண்ணம்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தப் பந்தையும் விடவில்லை. சிகாகோவின் ஓர் உணவக நிறுவனம் அதை ஏலத்தில் 1,13,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2004 பிப்ரவரி 26 அன்று மக்கள் கூடிநிற்க அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மறு ஆண்டு, சிதறிய துணுக்குகளை வேகவைத்து, அந்த ஆவியிலிருந்து எடுத்த நீரைப் பாஸ்தா சாறில் கலந்து பரிமாறினார்கள். சாபத்தைத் தின்று தீர்ப்பதாம். கப்ஸுக்கு ஏற்கெனவே ஒரு சாபக் கதை உண்டு. 1945 இறுதித் தொடருக்குத் தன் ஆட்டோடு வந்த மதுக்கடைக்காரர் பில்லி சியானிஸை, ஆடு நாற்றமடிக்கிறது என்று வெளியேற்றினார்களாம். அவர் சபித்துவிட்டுப் போனாராம். சாபம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். காரணம் இல்லாத துன்பத்தைவிடக் காரணம் உள்ள துன்பம் தாங்க எளிது; அது ஆடாக இருந்தாலும் சரி.

வீரர்களும் தப்புவதில்லை. 1986 அக்டோபர் 25 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸின் பில் பக்னரின் கால்களுக்கிடையே ஒரு மெதுவான பந்து நழுவியது. அந்த ஆட்டம் போனது, ஏழாவது ஆட்டமும் போனது. இருபதாண்டு காலம் மட்டையோடும் கையுறையோடும் உழைத்த மனிதர் அந்த ஒரு பந்தாகவே நினைவுகூரப்பட்டார். தொலைவில் ஐடஹோவுக்குக் குடிபெயர்ந்தார். 2004-இலும் 2007-இலும் பாஸ்டன் பட்டம் வென்ற பிறகுதான், 2008 ஏப்ரலில் முதல் பந்தை எறிய அவரை அழைத்தார்கள். மைதானம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கைதட்டல் நல்லதுதான். ஆனால் வென்ற பிறகு வந்தது என்பதை நான் மறக்க மாட்டேன்.

எங்கள் ஊரையும் விட்டுவிட முடியாது. 2025 நவம்பர் 1, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு எதிரான இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டே அவுட் எடுத்தால் பட்டம் என்ற நிலையில் மிகெல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். அதே இன்னிங்ஸில் நம் பக்கம் மூன்று பேஸிலும் ஆட்கள் நிற்க, ஐசையா கைனர்-ஃபலேஃபா ஓட்டம் முடியும் இடமான ஹோம் பிளேட்டை ஓர் இமைப்பொழுதில் தவறவிட்டார். 11-ஆவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் வில் ஸ்மித் ஹோம் ரன் அடித்தார். 5-4 என்று எல்லாம் முடிந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அன்றிரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பும் இரவு. என் மகன் சமையலறைக் கடிகாரத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் திருப்பாமல் நின்றான். மறுநாள் விடிந்ததும் எல்லோரிடமும் ஒரே கேள்வி: கைனர்-ஃபலேஃபா ஏன் மூன்றாவது பேஸை விட்டு இன்னும் இரண்டடி முன்னால் நிற்கவில்லை? பயிற்சியாளர்கள் அப்படித்தான் நிற்கச் சொல்லியிருந்தார்கள் என்று அவர் விளக்கினார். ஆனாலும் கேள்வி ஓயவில்லை. நானும் கேட்டேன். சிகாகோவைப் பற்றி இவ்வளவு தெரிந்த நான், காலை காப்பியோடு அதே கேள்வியைக் கேட்டேன். மாமியார்தான், "பாவம் அந்தப் பிள்ளை, அவனுக்கு எவ்வளவு வலிக்கும்" என்றார்.

சிகாகோவின் காத்திருப்பு 2016 நவம்பர் 2-ஆம் தேதி முடிந்தது. கிளீவ்லாந்தில் நடந்த ஏழாவது ஆட்டம், பத்து இன்னிங்ஸ், இடையில் 17 நிமிட மழை, 8-7. அந்த நாட்களில் ரிக்லி மைதானத்தின் செங்கல் சுவரில் ரசிகர்கள் சாக்பீஸால் பெயர்கள் எழுதத் தொடங்கினார்கள். பார்க்கக் கொடுத்துவைக்காமல் இறந்துபோன அப்பா, பாட்டி, மாமா ஆகியோரின் பெயர்கள். கை எட்டும் உயரம் தீர்ந்ததும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி எழுதினார்கள். வட கரோலினாவிலிருந்து ஒருவர் நாளெல்லாம் கார் ஓட்டி இண்டியானாவுக்குப் போய், தந்தையின் கல்லறைக்கு அருகில் நாற்காலி போட்டு அந்த ஆட்டத்தை வானொலியில் கேட்டார். கப்ஸ் இறுதித் தொடருக்குப் போனால் சேர்ந்து கேட்போம் என்று தந்தையும் மகனும் ஒப்பந்தம் செய்திருந்தார்களாம். அக்டோபர் பித்து என்று நீங்கள் பார்த்தீர்களே, அதன் அடியில் இருப்பது இதுதான். 2017-இல் கப்ஸ் நிர்வாகம் அந்த இளைஞருக்கு, இப்போது இளைஞர் அல்ல, வீரர்களுக்குக் கொடுத்தது போன்ற பட்ட மோதிரத்தை அளித்தது. அவர் நன்றி சொல்லி, ஒரு தனி மனிதரைப் பலிகடா ஆக்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்ற கருத்தில் ஓர் அறிக்கை மட்டும் வெளியிட்டுவிட்டு மறுபடி அமைதியானார்.

வன்முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவில் பெருங்கலவரம் பெரும்பாலும் வென்ற நகரத்தில்தான் வெடித்திருக்கிறது. 1984-இல் டெட்ராய்ட், 2012-இல் பஸ் எரிந்த சான் பிரான்சிஸ்கோ, 2024-இல் மறுபடி பஸ் எரிந்த லாஸ் ஏஞ்சலஸ். 2004-இல் பாஸ்டன் நியூயார்க்கை வீழ்த்திய இரவில் பாஸ்டன் மைதானத்துக்கு வெளியே கொண்டாடிக்கொண்டிருந்த மாணவி ஒருவர், கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் சுட்ட மிளகுப்பொடிக் குண்டு கண்ணில் பட்டு இறந்தார். அவருக்கு வயது 21. மைதானத்துக்குள் நடப்பவை வேறு வகை. டொராண்டோவில் 2016 அக்டோபர் 4 அன்று, பந்தைப் பிடிக்கப் போன பால்டிமோர் வீரர் கிம் ஹியூன்-சூவின் அருகே மேலிருந்து ஒரு பியர் டின் பறந்து வந்தது. நம் ஊர் ரசிகர் வீசியது. அன்று நாம் வென்றோம். ஆனால் எனக்கு அந்த டின்தான் நினைவிருக்கிறது. 2024 இறுதித் தொடரில் யாங்கி மைதானத்தில் இரண்டு பேர் டாட்ஜர்ஸ் வீரர் மூக்கி பெட்ஸின் மணிக்கட்டைப் பிடித்து, கையுறையிலிருந்து பந்தைப் பிடுங்கினார்கள். உடனே வெளியேற்றப்பட்டார்கள், மறுநாள் ஆட்டத்துக்கும் அனுமதி இல்லை. ஆட்டக்காரரின் உடம்பைத் தொடுவது, பொருள் எறிவது இரண்டுக்கும் நான் எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். அவசரத்தில் பந்துக்கு நீளும் கையையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போங்கள். முதல் முறை பிளேஆஃப் வேண்டாம். டிக்கெட் விலையும் அதிகம், கூட்டமும் நெருக்கும். மே அல்லது ஜூனில் ஒரு ஞாயிறு பகல் ஆட்டமாகப் பாருங்கள். பேஸ்களை ஒட்டிய கீழ் வரிசைகளில் இப்போது எல்லா மைதானங்களிலும் வலை நீட்டியிருக்கிறார்கள். சிறு பிள்ளைகளோடு வலைக்குப் பின்னால் உட்காருங்கள். வலை இல்லாத இடமென்றால் ஒவ்வொரு பந்துக்கும் கண் ஆட்டத்தில் இருக்க வேண்டும், கைப்பேசியில் அல்ல. ஆளுக்கொரு கையுறை கொண்டு போங்கள். ஒரு பென்சிலும் ஸ்கோர் அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அவுட்டையும் கட்டத்தில் எழுதப் பழகினால் பத்து வயதுப் பிள்ளை ஒரே நாளில் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும். பந்து உங்கள் பக்கம் வந்தால், முதலில் நம் ஆட்டக்காரர் ஓடி வருகிறாரா என்று பாருங்கள். வந்தால் பிள்ளையை அணைத்துக்கொண்டு பின்னால் சாயுங்கள், அவருக்கு இடம் கொடுங்கள். வராவிட்டால் பந்து உங்களுடையது. பதற்றத்தில் கை முந்திவிட்டால், அதற்காகப் பக்கத்தில் யாராவது உங்கள் பிள்ளையை முறைத்தால், நீங்கள் எழுந்து பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் நில்லுங்கள்.